சாலையின் கதை – 17: நொடிகளின் பங்கீடு

சிவப்பும் பச்சையும் ரயில்வேயிலிருந்து சாலைக்கு இறங்கிய கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். கம்பம் நட்டாயிற்று. எந்த விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்று முடிவு செய்தவர் யார், எதை வைத்து முடிவு செய்தார் என்பது இனிமேல்தான். அதற்கும் லண்டனிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. 1868 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், கிரேட் ஜார்ஜ் தெருவும் பிரிட்ஜ் தெருவும் கூடும் இடத்தில், ரயில்வேக்காரரான ஜான் பீக் நைட்டின் யோசனைப்படி ஒரு கைகாட்டிக் கம்பம் நிறுத்தப்பட்டது. பகலில் கைகள் ஏறி இறங்கும். இரவில் எரிவாயு விளக்கு சிவப்பும் பச்சையுமாக எரியும். அடுத்த மாதமே வாயு கசிந்து வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த காவலர் காயப்பட்டார். இந்த வெடிப்பைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதைவிட முக்கியமானது, காவல் ஆணையர் ரிச்சர்ட் மேயின் வெளியிட்ட அறிவிப்பு. நடந்து போகிறவர்கள் சாலையைக் கடப்பதற்காக வண்டிகளையும் குதிரைகளையும் நிறுத்தியே ஆக வேண்டிய நேரத்தில் மட்டும் 'நில்' என்ற சைகையைக் காட்டுவது என்று அது சொன்னது. உலகின் முதல் சிக்னல் பாதசாரிக்காக வைக்கப்பட்டது. அடுத்த நூறு ஆண்டுகளில் சிக்னலின் கணக்கேட்டிலிருந்து அதே பாதசாரி எப்படிக் காணாமல் போனார் என்பதுதான் இந்தப் பகுதியின் விஷயம்.

ஏரிப் பாசனத்தில் தண்ணீர் குறைந்த காலத்தில், நீரைப் பங்கிடும் பொறுப்பில் உள்ள நீர்க்கட்டி, முறை வைத்து மடை திறப்பார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது ஊருக்கே தெரியும். அதில் குறை இருந்தால் ஊரே சண்டைக்கு வரும். நாற்சந்தியின் நொடிகளும் பற்றாக்குறைப் பொருள்தான். ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடிதான். ஒரு சாலைக்குக் கொடுத்தது இன்னொரு சாலைக்கு இல்லை. ஆனால் இந்தப் பங்கீட்டை முறையாகக் கேள்வி கேட்ட ஊர்கள் மிகச் சில. காரணம், அது பங்கீடாகவே நம் கண்ணுக்குப் படுவதில்லை. பொறியாளர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த விடையாகத் தெரிகிறது. கணக்கு சரியானதுதான். யாருடைய காத்திருப்பை அதில் சேர்ப்பது என்ற முடிவு மட்டும் கணக்கு தொடங்குவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்பது என் வாதம். சான்றுகள் கணிதத்துக்குள்ளேயே கிடைக்கின்றன.

1914 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், யூக்ளிட் அவென்யூவும் கிழக்கு 105ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் மின்விளக்குச் சிக்னல் வந்தபோது நேரம் இன்னும் மனிதர் கையில்தான் இருந்தது. ஓரத்தில் இருந்த கூண்டிலிருந்து காவலர் சுவிட்சைத் திருப்புவார். வண்டி குறைவாக இருக்கிறது, குழந்தைகள் கூட்டமாக நிற்கிறார்கள் என்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்வார். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் குறை. அந்தக் குறையைத் தீர்க்கக் கடிகாரம் வந்தது. பிரிட்டனில் 1927 நவம்பரில் வுல்வர்ஹாம்ப்டன் நகரின் பிரின்சஸ் சதுக்கத்தில் தானியங்கிச் சிக்னல் வைக்கப்பட்டது. கடிகாரம் தூங்காது, லஞ்சம் வாங்காது. யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவும் பார்க்காது. இனி முன்கூட்டியே ஒருவர் உட்கார்ந்து, 'இந்தப் பக்கம் இத்தனை நொடி, அந்தப் பக்கம் இத்தனை நொடி' என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். சிக்னல் நேரத்தைத் திட்டமிடுதல் என்ற தனித் தொழில் பிறந்தது இந்த இடத்தில்தான்.

அடுத்தடுத்த சந்திகளைக் கோர்க்க வேண்டிய தேவையும் உடனே வந்தது. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் 1920இல் கோபுரங்கள் வைத்தபோது நீளம் முழுவதும் விளக்குகள் ஒரே நேரத்தில் மாறின. மொத்தச் சாலையும் ஓடும், மொத்தச் சாலையும் நிற்கும். விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக, வண்டி வந்து சேரும் நேரத்துக்குப் பச்சையாகும்படி தள்ளி வைத்தால் என்ன என்று தோன்றியதுதான் பச்சை அலை. அதன் கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். சந்திகளுக்கு இடையே 300 மீட்டர், வண்டியின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் என்றால், அடுத்த விளக்கு 30 நொடி தள்ளிப் பச்சையாக வேண்டும். ஒருவழிச் சாலையில் இது சுலபம். இருவழிச் சாலையில் எதிரே வருபவருக்கும் அலை பொருந்த வேண்டுமானால் சந்திகளின் இடைவெளியும் சுற்று நேரமும் ஒத்துவர வேண்டும். ஊர்கள் அந்த அளவுகோல் வைத்துக் கட்டப்படவில்லை; ஆகவே காலையில் ஊருக்குள் வருபவருக்கு அலை, மாலையில் வெளியே போகிறவருக்கு அலை என்று ஒரு திசையைத் தேர்ந்தார்கள். திசை மட்டுமல்ல, வேகமும் தேர்வுதான். கோபன்ஹேகன் நகரம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் நோரப்ரோகாதே என்ற சாலையில் அலையை மணிக்கு 20 கிலோமீட்டருக்கு அமைத்தது. அது சைக்கிளின் வேகம். அதே 300 மீட்டருக்கு இப்போது 54 நொடி தள்ளி வைக்க வேண்டும். பறந்து வரும் கார் ஒவ்வொரு சந்தியிலும் சிவப்பைப் பார்த்து நிற்கும். சூத்திரம் மாறவில்லை, அதற்குள் போட்ட எண் மாறியது.

இதற்கு அறிவியல் அடித்தளம் போட்டவர்கள் இருவர். ஒருவர் அமெரிக்கரான புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ். சந்தியில் நிற்கும் வரிசை பச்சை விழுந்ததும் எப்படிக் கரைகிறது என்பதைப் படம் பிடித்துப் பிரேம் பிரேமாக அளந்து, 1947இல் சகாக்களோடு முடிவுகளை வெளியிட்டார். முதல் கார் கிளம்ப 3.8 நொடி எடுத்தது, இரண்டாவதுக்கு 3.1, மூன்றாவதுக்கு 2.7, நான்காவதுக்கு 2.4, ஐந்தாவதுக்கு 2.2. ஆறாவது முதல் ஒவ்வொரு காரும் 2.1 நொடிக்கு ஒன்றாகச் சீராகப் போயிற்று. ஓட்டுநர் விளக்கைப் பார்த்து, கியர் போட்டு, முன்னால் உள்ளவர் நகர்ந்தாரா என்று பார்த்து நகரும் அந்தத் தயக்கத்தின் விலை, கூட்டிப் பார்த்தால், ஒவ்வொரு பச்சைக்கும் 3.7 நொடி. இதை 'இழந்த நேரம்' என்பார்கள். ஒரு சுற்றில் இழப்பு மொத்தம் 10 நொடி என்று வைத்துக்கொண்டால், 40 நொடிச் சுற்றில் கால்வாசி வீண். 120 நொடிச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வீண். சுற்றை நீட்டினால் அதிக வண்டி போகும் என்று பொறியாளர்களுக்குத் தோன்றியது இயல்பே. இந்த ஆசைதான் இன்றைக்கும் மூன்று நிமிடச் சிவப்புகளை உண்டாக்குகிறது.

இரண்டாமவர், பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஃப். வி. வெப்ஸ்டர். 1958இல் வெளியான அவருடைய ஆய்வறிக்கை மெலிந்த ஒன்று. ஆனால் உலகின் பெரும்பாலான சிக்னல்கள் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ அதற்குக் கடன்பட்டவை. கணினியில் போலியான போக்குவரத்தை ஓடவிட்டும் வரிசைக் கோட்பாட்டைப் பயன்படுத்தியும், ஒரு வண்டி சராசரியாக எவ்வளவு தாமதப்படும் என்பதற்கு அவர் ஒரு சமன்பாடு கண்டார். அதிலிருந்து தாமதத்தை மிகக் குறைக்கும் சுற்று நேரத்தை எடுத்தார். செய்முறையைத் தமிழில் சொல்லிவிடலாம்: இழந்த நேரத்தை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டுங்கள், அதை, ஒன்றிலிருந்து சந்தியின் சுமையைக் கழித்து வருவதால் வகுங்கள். சுமை என்பது, ஒவ்வொரு கட்டத்திலும் வரும் வண்டிகளை அந்தச் சாலையால் தள்ள முடிந்த உச்ச அளவால் வகுத்துக் கூட்டியது. இழப்பு 10 நொடி, சுமை 0.7 என்றால் 20-ஐ 0.3-ஆல் வகுக்க 67 நொடி வரும். சுமை 0.8 ஆனால் 100 நொடி. 0.9 ஆனால் 200 நொடி. சந்தி நிரம்ப நிரம்ப விடை எப்படித் துள்ளி ஓடுகிறது பாருங்கள். இதற்குப் பின் பச்சையைப் பிரிப்பது எளிது: எந்தச் சாலையின் சுமை எவ்வளவோ அந்த விகிதத்தில் கொடுத்துவிட வேண்டும்.

அழகான கணக்கு. அதற்குள் நுழையும் பொருள் எது என்று பார்த்தால்தான் சிக்கல் தெரியும். எல்லா வண்டியும் ஒன்றல்ல என்பதால் அவற்றைக் காரின் மடங்காக மாற்ற வேண்டியிருந்தது. வெப்ஸ்டரின் பட்டியலில் கார் 1, லாரி 1.75, பேருந்து 2.25, டிராம் 2.5, மோட்டார் சைக்கிள் 0.33, சைக்கிள் 0.2. ஒரு வண்டி நிறுத்தக்கோட்டைக் கடக்கப் பச்சையில் எவ்வளவு தின்கிறது என்பதற்கான அளவு இது. அந்த வகையில் நேர்மையான அளவுதான். ஆனால் பங்கீட்டுக்கும் இதுவே அடிப்படையாகிவிட்டது. ஒரு கற்பனைச் சந்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு சாலையில் மணிக்கு 40 பேருந்து, ஒவ்வொன்றிலும் 40 பேர். மொத்தம் 1,600 பேர், கணக்கில் 90 கார். குறுக்குச் சாலையில் 600 கார், காருக்கு ஒன்றரைப் பேர் வீதம் 900 பேர், கணக்கில் 600. இரண்டும் ஒரே அகலம் என்றால் பச்சையில் ஏறக்குறைய எட்டில் ஏழு பங்கு 900 பேருக்குப் போகும். நடந்து வருபவர்களுக்கு அந்தப் பட்டியலில் வரிசையே கிடையாது. அவர்கள் ஒரு நிபந்தனையாக மட்டும் வருகிறார்கள்: கடந்து முடிக்க இத்தனை நொடிக்குக் குறையாமல் கொடு என்று. அவர்கள் காத்திருந்த நேரம் எந்தக் கூட்டலிலும் சேரவில்லை.

இதற்குப் பொறியாளர் சொல்லும் மறுப்பு வலுவானது; தட்டிக்கழிக்க முடியாதது. 'அறுநூறு காருக்கு அறுநூறு காருக்கான பச்சையைக் கொடுத்தே ஆக வேண்டும். குறைத்தால் வரிசை கரையாது. நீண்டு பின்னால் உள்ள சந்தியை அடைக்கும். உங்கள் பேருந்தும் அதில்தான் மாட்டும். ஆளை எண்ணிப் பச்சை கொடுத்தால் பச்சையில் யாரும் இல்லாத வெற்றுச் சாலையும், சிவப்பில் முடிவற்ற வரிசையும்தான் மிஞ்சும்.' உண்மை. சந்தி கழுத்துவரை நிரம்பியிருக்கும்போது இந்த வாதத்துக்குப் பதில் இல்லை. ஆனால் நாளின் பெரும்பகுதியில் சந்திகள் அப்படி நிரம்பியிருப்பதில்லை. அந்த நேரத்தில் பங்கிடுவதற்கு உபரி நொடிகள் இருக்கின்றன. அந்த உபரி எவ்வளவு என்பதை வெப்ஸ்டரே சொல்லியிருக்கிறார். அவர் கண்ட சிறந்த சுற்று நேரத்தின் முக்கால் பங்கிலிருந்து ஒன்றரைப் பங்கு வரை எங்கே வைத்தாலும், வண்டிகளின் தாமதம் குறைந்தபட்சத்தைவிட 10 முதல் 20 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. அதாவது விடை 67 என்று வந்தாலும், 50 நொடிக்கும் 100 நொடிக்கும் நடுவே எங்கே வைத்தாலும் காருக்குப் பெரிய நஷ்டமில்லை. இந்த வரி அறிக்கையில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது. ஆனாலும் சுற்று நேரத்தை ஒற்றை விடையாகவே உலகம் படித்தது.

அந்த இடைவெளி பாதசாரிக்கு என்ன செய்யும்? நடப்பதற்கான விளக்கு ஒரு சுற்றுக்கு 10 நொடி எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்கும் ஒருவர் 100 நொடிச் சுற்றில் சராசரியாக 40 நொடி காத்திருக்க வேண்டும். 50 நொடிச் சுற்றில் 16 நொடிதான். காருக்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரண்டு தேர்வுகள், நடப்பவருக்கு இரண்டரை மடங்கு வித்தியாசம். நூறு நொடியைத் தேர்ந்தவரைக் கணக்கு கட்டாயப்படுத்தவில்லை. அகலமான சாலையைக் கடக்கவே பதினைந்து இருபது நொடி வேண்டும்போது சுற்றை எவ்வளவுதான் குறைப்பது என்று கேட்கலாம். சரியான கேள்விதான், நூறடிச் சாலையில் 50 நொடிச் சுற்று நடக்காது. நகரத்தின் எல்லாச் சந்தியும் நூறடிச் சாலையில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடக்கும் நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது நடை வேகம் வந்துவிடுகிறது. பிரிட்டனில் பாதசாரி நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் சிக்னல் கையேடும் ஏறக்குறைய அதே அளவான நொடிக்கு 4 அடியைத்தான் வைத்திருந்தது. 2009இல் மூன்றரை அடியாகக் குறைத்தது. இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களின் நடையை உடல்நலக் கணக்கெடுப்பு ஒன்றின் வழியே ஆராய்ந்து 2012இல் வெளியிட்டபோது, ஆண்களின் சராசரி 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8 மீட்டர் என்று வந்தது. 20 மீட்டர் சாலைக்கு அந்த 1.2 மீட்டர் கணக்கு கொடுப்பது 17 நொடி. சராசரி மூதாட்டிக்குத் தேவை 25 நொடி. மீதி எட்டு நொடி அவர் நடுச்சாலையில் இருப்பார். எல்லாச் சுற்றிலும் எல்லாருக்கும் எட்டு நொடி கூட்டினால் சந்தி தேங்கும் என்பதும் உண்மைதான். சிங்கப்பூர் அதற்கு ஒரு வழி கண்டது: 2009 முதல், முதியோர் தம் சலுகை அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் தட்டினால் சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 நொடி வரை பச்சை நீளும். தேவைப்படும்போது மட்டும் செலவு. எல்லா ஊரிலும் பொத்தான் இப்படி வாக்குத் தவறாமல் நடந்துகொள்வதில்லை. நியூயார்க்கில் இருந்த 3,250 நடைப் பொத்தான்களில் 2,500க்கு மேல் செயல்படாமல் சும்மா இருந்தன என்று 2004இல் வெளிவந்தது. கணினி வந்ததும் பொத்தான் வேலை இழந்தது. கழற்றுவதற்குச் செலவு என்று விட்டுவிட்டார்கள். மக்கள் அமுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

மஞ்சள் விளக்கில்கூட இதே கதை உண்டு. அது சுத்த இயற்பியல், அதில் யார் எவர் என்ற பேச்சுக்கு இடமில்லை என்று நினைப்போம். டெனோஸ் காஸிஸ், ராபர்ட் ஹெர்மன், அலெக்ஸி மராடுடின் மூவரும் 1960இல், நிற்கவும் முடியாமல் கடக்கவும் முடியாமல் ஓட்டுநர் மாட்டிக்கொள்ளும் இடம் சாலையில் உண்டு, மஞ்சள் போதிய அளவு நீண்டால்தான் அது மறையும் என்று காட்டினார்கள். அவர்கள் சமன்பாடு நேராகப் போகிறவருக்கானது. திரும்புகிறவர் வேகத்தைக் குறைத்துத்தான் திரும்ப வேண்டும்; அவருக்கு அந்த மஞ்சள் போதாது. ஓரிகன் மாநிலத்தில் 2013இல் கேமரா போட்ட அபராதத்தைத் தொடர்ந்து ஒரு குடும்பத்தலைவர் இதைக் கணக்கிட்டு அதிகாரிகளுக்கு எழுதினார். உரிமம் இல்லாமல் பொறியியல் செய்தாய் என்று அவருக்கு 500 டாலர் அபராதம் விழுந்தது. 2018 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2020இல் போக்குவரத்துப் பொறியாளர் அமைப்பு திரும்புகிறவரையும் சேர்த்துப் பரிந்துரையைத் திருத்தியது. அறுபது ஆண்டு ஒரு வகை ஓட்டுநரை எண்ணாமல் இருந்தது சூத்திரம்.

'இதெல்லாம் பழைய கடிகாரக் காலத்துக் குறை. கணினியும் உணர்கருவியும் வந்த பிறகு யார் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தே பச்சை விழுகிறது' என்பது அடுத்த மறுப்பு. வண்டியை உணரும் சிக்னல் புதிதல்ல. லண்டனில் கிரேஸ்சர்ச் தெருவும் கார்ன்ஹில்லும் சேரும் இடத்தில் 1932இலேயே வந்துவிட்டது (அதுவும் எரிவாயு வெடிப்பில்தான் அழிந்தது, லண்டன் சிக்னலுக்கும் வாயுவுக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தமில்லை). 1963இல் டொரோண்டோ நகரம் சிக்னல்களைக் கணினியிடம் ஒப்படைத்தது. 1969இல் பிரிட்டனின் டென்னிஸ் ராபர்ட்சன் 'டிரான்சிட்' என்ற நிரலை வெளியிட்டார். வண்டிக் கூட்டம் சந்திக்குச் சந்தி எப்படிச் சிதறிப் போகிறது என்று கணித்து, தாமதமும் நிற்றலும் சேர்ந்த ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கும்படி மொத்த வலைக்கும் நேரம் போடும். வெப்ஸ்டரின் அதே சாலை ஆய்வுக்கூடத்தில் பின்னர் உருவாகி, கிளாஸ்கோ தெருக்களில் வளர்ந்தது 'ஸ்கூட்'. இது அந்தந்த நொடியில் வேலை செய்வது. சாலைக்குள் புதைத்த கம்பிச் சுருள் வண்டிகளை எண்ணி அனுப்பும். விளக்கு மாறுவதற்குச் சில நொடி முன்னால், குறித்தபடியே மாற்றலாமா, நான்கு நொடி முந்தலாமா, நான்கு நொடி தள்ளலாமா என்று கணினி முடிவெடுக்கும். பெரிய தாவல் கிடையாது. சின்னச் சின்ன நகர்த்தல்களாகவே நாள் முழுவதும் போக்குவரத்தைத் தொடர்ந்து ஓடும். அறிவுள்ள ஏற்பாடு, சந்தேகமில்லை. சுருள் எதை உணர்கிறது? உலோகத்தை. காரை நன்றாக, இருசக்கர வாகனத்தை அரைகுறையாக, மனிதரை அறவே இல்லாமல். பேருந்தும் அதற்கு ஒரு நீளமான உலோகம்தான். டிரான்சிட்டில் ஒவ்வொரு சாலைக்கும் தனி எடை கொடுக்க ஒரு வசதி உண்டு. பேருந்துச் சாலைக்கு எடையைக் கூட்டினால் கணினி மறுப்பில்லாமல் அதற்குப் பச்சை கொடுக்கும். அந்த எடையை யாராவது மாற்ற வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அந்த 'யாராவது' நியமிக்கப்படவே இல்லை.

நியமித்த ஊர் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மக்கள் 1973இல் சுரங்க ரயில் திட்டத்தை வாக்களித்து நிராகரித்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1977இல், இருக்கும் டிராமையும் பேருந்தையும் விரைவுபடுத்த 20 கோடி பிராங்கை வாக்களித்து ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தின் முக்கியப் பயன் சிக்னலில் தெரிந்தது: டிராம் நெருங்குவதை உணர்ந்து, அது வந்து சேரும் கணத்தில் அதற்குப் பச்சை, போனதும் மற்றவர்களுக்கு. ஊருக்குள் நுழையும் கார்களை எல்லையில் உள்ள சிக்னல்களிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விட்டு உள்ளே தேங்காமல் பார்த்துக்கொண்டார்கள். முன்பு பார்த்த வலுவான மறுப்புக்கு இதுவே செயல்வடிவப் பதில்: வரிசை நீளும் என்றால், அது எங்கே நீள வேண்டும் என்பதையும் தேர்ந்துகொள்ளலாம். பணக்கார ஊர், சின்ன ஊர், அங்கே முடியும் என்பார்கள். லண்டன் சின்ன ஊரல்ல. 2014இல் பால்ஹாம், டூட்டிங் பெக் நிலையங்களுக்கு வெளியே, காத்திருக்கும் பாதசாரிகளைக் கேமராவால் எண்ணிப் பச்சையை நீட்டும் சோதனையை நடத்தியது. பின்னர் 18 கடவைகளில் ஏற்பாட்டையே தலைகீழாக்கியது: எப்போதும் நடப்பவருக்குப் பச்சை, வண்டி வந்தால் வண்டி காத்திருந்து தன் முறையை வாங்கிக்கொள்ள வேண்டும். போக்குவரத்து பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்றே அங்குள்ள போக்குவரத்து ஆணையம் தெரிவித்தது.

இந்தியாவுக்கு வெப்ஸ்டர் முழுசாக வந்து சேர்ந்தார். இந்தியச் சாலைப் பேராயத்தின் சிக்னல் வழிகாட்டி, 1985ஆம் ஆண்டின் ஐ.ஆர்.சி. 93, அவர் முறையைத்தான் பின்பற்றுகிறது. சாலையின் அகலத்தை மீட்டரில் 525ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கார் அலகு போகும் என்பது கிடைக்கும் என்ற பிரிட்டிஷ் அளவும் அதில் உண்டு. அந்த எண் வரிசை ஒழுங்கோடு போகும் ஊரில் எடுத்தது. நம் சந்தியில் சிவப்பு விழுந்தால் இருசக்கர வாகனங்கள் இடுக்குகளில் நுழைந்து நிறுத்தக்கோட்டுக்கு முன்னால் கொத்தாகச் சேரும்; பச்சை விழுந்ததும் முதல் சில நொடியில் அந்தக் கொத்து மொத்தமாகப் போய்விடும். கிரீன்ஷீல்ட்ஸ் அளந்த தயங்கும் முதல் கார் இங்கே முதல் ஆளே இல்லை. இந்தியச் சாலைகளிலேயே அளந்து 2017இல் தனிக் கையேடு வந்தது நல்ல காரியம். இருந்தும் அது தீர்ப்பது அளவின் பிழையை. யாரை எண்ணுவது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அண்மையில் பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா உள்ளிட்ட நகரங்களில் கூகுள் தன் வரைபடச் செயலியின் தரவை வைத்துச் சிக்னல் நேரத்துக்கு யோசனை சொல்கிறது. சுருள் வெட்ட வேண்டாம், கேமரா வேண்டாம், மலிவு. அது குறைக்கப் பார்ப்பது வண்டிகளின் நிற்றலையும் புகையையும். பேருந்தின் படியில் தொங்குபவரும் ஓரத்தில் நிற்பவரும் இந்தத் தரவில் எந்த அளவுக்கு இருப்பார்கள் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு, நம் ஊரில் அடிக்கடி கேட்பது: 'சிக்னலை யார் மதிக்கிறார்கள்? எத்தனை நொடி வைத்தால் என்ன?' மதியாமைக்கும் நொடிக்கும் தொடர்பு உண்டு. பாதசாரியின் காத்திருப்பு 30 நொடியைத் தாண்டினால் அவர் பொறுமை இழந்து இடைவெளி பார்த்து ஓடத் தொடங்குவார் என்று அமெரிக்க நெடுஞ்சாலைத் திறன் கையேடே எச்சரிக்கிறது. 180 நொடிச் சுற்றில், 10 நொடி நடை விளக்கோடு, சராசரிக் காத்திருப்பு 80 நொடி. அவர் ஒழுக்கமில்லாதவர் என்று சொல்வதற்கு முன்னால் அந்தச் சுற்றைப் போட்டவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: சந்தியின் சுமை எவ்வளவு, அந்தச் சுமைக்கு 120 போதாதா? இரண்டுக்கும் விடை எண்களாகவே இருக்கும். ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேசக்கூடிய எண்கள். இதற்கு நேர்மாறான ஒரு வழியும் இதே பிரிட்டனில் முளைத்தது: விளக்கும் வேண்டாம், நொடியும் வேண்டாம், உள்ளே சுற்றுபவருக்கு வெளியிலிருந்து வருபவர் வழிவிட்டால் போதும் என்று 1966இல் வட்டச் சந்திகளுக்கு ஒற்றை விதி போட்டார்கள். அது அடுத்த பகுதியில்.